அரத்தைத் தொடும் முன் வெளிச்சத்தைப் பாருங்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் ஒன்டாரியோவில் ஸ்கீ கடைகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கோடை முழுக்க பேஸ்மென்ட்டில் கிடந்த ஸ்கீயையும் ஸ்னோபோர்டையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஒரே சமயத்தில் போய் நிற்கிறோம். எட்ஜ் தீட்ட வேண்டும், வாக்ஸ் போட வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம். வீட்டிலேயே ட்யூனிங் செய்கிறவர்களும் அப்படித்தான். மேசையில் பலகையைக் கவிழ்த்துப் போட்டதும் கை நேரே அரத்துக்குப் போகிறது.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பலகையின் அடிப்பக்கம், அதாவது பேஸ், மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு எஃகுப் பட்டையும் ஒரு டார்ச் லைட்டும் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதைப் பார்க்காமல் எட்ஜில் அரம் வைப்பது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து. சில சமயம் வீணோடு போகாது, நல்ல எட்ஜையும் கெடுத்துவிடும். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்கீயைத் திருப்பிப் போட்டால் கண்ணில் படுவது இரண்டே பொருள். நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், இரு ஓரத்திலும் எஃகு எட்ஜ். பிளாஸ்டிக்கின் கனம் பெரும்பாலான ஸ்கீக்களில் 1.2 முதல் 1.5 மி.மீ. வரை. புது எட்ஜின் அகலம் ஏறக்குறைய 2 மி.மீ. இந்த இரண்டும் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே மட்டத்தில் இருந்தால்தான் பலகை நாம் சொன்னபடி கேட்கும். மட்டம் இரண்டு விதமாகத் தப்பும். நடுவில் பள்ளம் விழுந்து எட்ஜ் இரண்டும் உயர்ந்து நிற்பது ஒன்று. இதைக் குழிவு என்று வைத்துக்கொள்வோம். நடு உப்பி எட்ஜ் இரண்டும் கீழே போவது இன்னொன்று, அது புடைப்பு.

பனியில் இரண்டும் நேர்மாறாக நடந்துகொள்ளும். குழிந்த ஸ்கீ தண்டவாளத்தில் மாட்டிய மாதிரி போகும். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. திருப்ப நினைத்தால் உடனே திரும்பாது, திரும்பிவிட்டால் விடாது. வளைவின் கடைசியில் வால்பகுதியைக் கொஞ்சம் வழுக்கவிடலாம் என்றால் பிடித்துக்கொண்டே இழுக்கும். ஸ்னோபோர்டில் இது இன்னும் மோசம். தட்டையாகச் சறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஓரம் பனியில் கொத்தி, முகம் குப்புற அடித்துப் போடும். புடைத்த பலகையோ நேர்கோட்டில் நிலையாக நிற்காது, காலடியில் இப்படியும் அப்படியும் நழுவிக்கொண்டே இருக்கும். கடினமான பனியில் எட்ஜை அழுத்தினாலும் பிடி கிடைக்க ரொம்ப சாய வேண்டியிருக்கும். மேற்கே ராக்கி மலைகளின் புதுப்பனியில் இதெல்லாம் ஓரளவு மறைந்துவிடும். புளூ மவுன்டன் மாதிரி இடங்களில், இயந்திரப் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடக்கும் சரிவுகளில், ஒளித்து வைக்கவே முடியாது.

இந்தத் தொல்லையை அனுபவிக்கிறவர்களில் பாதிப்பேர் தங்கள் திறமையைத்தான் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான். புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள், வயதான பிறகு ஆசையோடு தொடங்கியவர்கள், ‘எனக்கு இது வராது’ என்று விட்டுவிடுகிறார்கள். பலகையை யாரும் பார்ப்பதில்லை.

போன சீசனில் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தம்பி ஸ்னோபோர்டோடு வந்தார்.

“அண்ணா, கடையில குடுத்து எட்ஜ் போட்டு ரெண்டு வாரம்தான் ஆகுது. முன்னைவிட மோசமா இருக்கு. நேரா போனாலே கொத்துது. நான்தான் தப்பா நிக்கிறேனா?”

“நீங்க நிக்கிறது இருக்கட்டும் தம்பி. முதல்ல பைண்டிங்கைக் கழட்டுங்க.”

மெழுகைச் சுரண்டி, வெண்கலப் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்தோம். பலகையைக் கவிழ்த்து இரண்டு தாங்கிகளின் மேல் வைத்தேன். ட்ரூ பார் என்று இந்த வேலை செய்கிறவர்கள் சொல்லும் எஃகுப் பட்டையைக் குறுக்கே நிறுத்தி, அதன் பின்னால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை பேஸ் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தோம். நடுவிலிருந்து இரு பக்கமும் நீண்ட வெளிச்சக் கீற்று. மையத்தில் தடித்து, ஓரத்துக்குப் போகப் போக மெலிந்து, எட்ஜைத் தொடும் இடத்தில் கறுத்து நின்றது. பட்டை இரண்டு எட்ஜ்களின் மேல் மட்டுமே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாதாரணப் பிரிண்டர் தாளை நீட்டினால் பட்டைக்கு அடியில் தாராளமாக நுழைந்தது. பைண்டிங் இருந்த இடத்தில் இன்னொரு சங்கதி. திருகுகளை அளவுக்கு மீறி முறுக்கியதால் பேஸ் மேல்நோக்கி இழுபட்டு, திருகு திருகாகச் சின்னப் பள்ளங்கள். அவற்றில் சில பைண்டிங்கைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் தாமாகவே தணிந்தன. மற்றவை அப்படியே இருந்தன.

அந்தக் கடையில் எட்ஜைத் தீட்டியது உண்மை. நன்றாகவே தீட்டியிருந்தார்கள். உயர்ந்து நின்ற எட்ஜைக் கூர்மையாக்கினால் அது இன்னும் வேகமாகக் கொத்தும். அதுதான் நடந்தது.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கேட்கலாம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். எட்ஜின் அடிப்பக்கம் முழுத் தட்டையாக இருக்காது. வெளிப்புறம் பனியிலிருந்து சற்று விலகும்படி ஒரு சாய்வு கொடுப்பார்கள். பொதுவாக அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி. 2 மி.மீ. அகல எட்ஜில் ஒரு டிகிரி என்றால் வெளி முனை விலகுவது 0.035 மி.மீ.தான். அரை டிகிரி என்றால் அதில் பாதி. தலைமுடியின் கனத்தைவிடக் குறைவான இந்த அளவுதான் பலகையின் குணத்தையே தீர்மானிக்கிறது. அந்தத் தம்பியின் பலகையில் தாள் நுழைந்தது அல்லவா, பிரிண்டர் தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. எட்ஜ் அந்த அளவு உயர்ந்து நிற்கும்போது நீங்கள் ஒரு டிகிரி சாய்வை எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் வெளி முனை இன்னும் 0.065 மி.மீ. துருத்திக்கொண்டுதான் இருக்கும்.

புடைப்பில் கதை வேறு. சாய்வு எடுக்கும் கைடு பேஸின் மேல் உட்கார்ந்துதான் கோணத்தைத் தருகிறது. பேஸ் புடைத்திருந்தால் கைடு ஊஞ்சல் மாதிரி ஒரு பக்கம் சாயும். காலடியில் 70 மி.மீ. அகலமுள்ள ஸ்கீயில் நடு 0.2 மி.மீ. உயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். மையத்திலிருந்து எட்ஜ் வரை 35 மி.மீ. அந்தத் தூரத்தில் 0.2 மி.மீ. சரிவு என்றால் கோணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு டிகிரி. கைடில் 0.5 என்று எழுதியிருக்கும். எட்ஜில் விழுவது 0.8-க்கும் மேல். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். ஒருமுறை அதிகமாக எடுத்த பேஸ் சாய்வைத் திருப்பிக் கொண்டுவர ஒரே வழி, பேஸையே அந்த அளவுக்குத் தேய்த்து இறக்குவது. விலை உயர்ந்த கைடும் வைர அரமும் வாங்கிய பிறகும் சரியாக வரவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

மட்டம் ஏன் கெடுகிறது? முதல் காரணம், அருகருகே இருக்கும் இரண்டு பொருளும் குணத்தில் ஒத்துப்போகாதவை. 1920-களில் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் மர ஸ்கீயின் ஓரத்தில் எஃகுத் துண்டுகளைத் திருகி எட்ஜ் செய்தார். 1955-இல் ஆஸ்திரியாவில் கோஃப்ளர் நிறுவனம் கோஃபிக்ஸ் என்ற பெயரில் பாலிஎத்திலீன் பேஸைக் கொண்டுவந்தது. எஃகும் பாலிஎத்திலீனும் ஒரே தளத்தில் வாழத் தொடங்கியது அப்போதிலிருந்து. சூடேறினால் பாலிஎத்திலீன் எஃகைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விரியும், குளிர்ந்தால் அதே வேகத்தில் சுருங்கும். ஸ்கீயைச் சூடான அச்சில் அழுத்தி ஒட்டுகிறார்கள். ஆறும்போது பிளாஸ்டிக் எஃகைவிட அதிகமாகச் சுருங்கப் பார்க்கிறது, பசையும் இறுகுகிறது. அதனால்தான் பெட்டியிலிருந்து எடுத்த புத்தம்புது ஸ்கீயிலும் லேசான குழிவு இருப்பது சகஜம். ‘புதுசுதானே, எதற்குப் பார்க்க வேண்டும்’ என்ற நினைப்பை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம்.

மெழுகு போடும் இஸ்திரியும் ஒரு காரணம். பேஸ் பிளாஸ்டிக் சுமார் 135 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். குளிர்ப் பனிக்கான கடின மெழுகுகளுக்குச் சொல்லப்படும் இஸ்திரிச் சூடு அதே அக்கம்பக்கத்தில்தான். நகர்த்திக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரே இடத்தில் நிறுத்தினால் பேஸ் கருகுவதோடு உள்ளிருக்கும் பசையும் இளகலாம். இன்னொரு காரணம் மெஷின். பெல்ட் மெஷினில் ஸ்கீயை அழுத்திப் பிடித்தால், மென்மையான பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும், கடினமான எஃகு தேயாது. ஓட்டிப்பார்த்தால் குழிவு. கல் வைத்த மெஷின் இதைவிட நல்லது. ஆஸ்திரியாவின் வின்டர்ஸ்டைகர், சுவிட்சர்லாந்தின் மொன்டானா போன்றவை அந்த வகை. ஆனால் அந்தக் கல்லையும் வைர முனையால் அவ்வப்போது மட்டப்படுத்த வேண்டும். கல் மட்டமில்லாவிட்டால் அந்தக் குறை அப்படியே ஸ்கீயில் பதியும். மெஷின் எவ்வளவு நல்லது என்பதைவிட அதை ஓட்டுகிறவர் எவ்வளவு கவனமானவர் என்பதே எனக்கு முக்கியம்.

இனி பார்க்கும் முறை. நம் ஊர்த் தச்சர் இழைத்த பலகையில் எஃகு அளவுகோலை நிறுத்தி, கண்ணை இடுக்கி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பாரே, அச்சு அசல் அதே வேலைதான். சில விஷயங்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை.

பலகை அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். காரிலிருந்து இறக்கிய கையோடு பார்த்தால் குளிரில் சுருங்கிய பிளாஸ்டிக் இல்லாத குழிவைக் காட்டும். இஸ்திரி போட்ட சூட்டோடு பார்த்தால் இருக்கும் குழிவை மறைத்துவிடும். முந்தைய இரவே உள்ளே கொண்டுவந்து வையுங்கள். மெழுகை முழுக்க எடுங்கள். சுரண்டியால் மட்டும் போதாது, பேஸில் உள்ள வரிகளுக்குள் இருப்பதையும் பிரஷால் வெளியே இழுங்கள். எட்ஜில் தூக்கி நிற்கும் பிசிறைப் பட்டை வைப்பதற்கு முன் வைரக் கல்லால் லேசாகத் தட்டிவிடுங்கள். ஒரு சின்னப் பிசிறு பட்டையைத் தூக்கிப்பிடித்தால் போதும், மொத்த அளவும் பொய்யாகிவிடும். ஸ்கீயை வைஸில் இறுக்குகிறவர்கள் அளவாக இறுக்குங்கள். பக்கவாட்டில் நெருக்கினால் பேஸ் வளையும். ஸ்னோபோர்டு என்றால் பைண்டிங்கைக் கட்டாயம் கழற்றுங்கள்.

பட்டையின் நீளம் பலகையின் அகலத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஸ்கீக்குச் சின்னப் பட்டை போதும். ஸ்னோபோர்டு இடுப்பிலேயே ஏறக்குறைய 25 செ.மீ. அகலம், முனைப்பக்கம் இன்னும் அதிகம், 30 செ.மீ.க்குக் குறைந்த பட்டையை வைத்துக்கொண்டு பாதிப் பலகையை அளப்பதில் பயனில்லை. ஸ்டேஷனரிக் கடை ஸ்கேல் உதவாது. எந்திரப் பட்டறைகளில் பயன்படும், தேய்த்து மட்டப்படுத்திய எஃகுப் பட்டை இருந்தால் அதுவே ட்ரூ பார்தான். பட்டை நேராக இருக்கிறதா என்பதில் சந்தேகம் வந்தால், வெளிச்சம் தெரிந்த இடத்திலேயே அதை இடவலமாகத் திருப்பி வையுங்கள். கீற்றின் வடிவமும் சேர்ந்து திரும்பினால் குறை பட்டையில். அப்படியே நின்றால் பலகையில்.

பிறகு வெளிச்சத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். முதன்முதலில் பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள், ஏனென்றால் எந்தப் பலகையிலும் ஏதோ வெளிச்சம் தெரியத்தான் செய்யும். கண்ணுக்கு அந்த அளவு கூர்மை. பேஸில் நீளவாக்கில் ஓடும் நுண்ணிய வரிகள் வழியே சீப்புப் பற்கள் மாதிரி புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தால் அது கல் மெஷின் போட்ட வரி. நீரை வெளியேற்ற வேண்டுமென்றே இட்டது. கடைசி 2 மி.மீ.யில், அதாவது எஃகின் மேல் மட்டும், ஓரத்தை நோக்கி விரியும் வெளிச்சம் தெரிந்தால் அது எட்ஜுக்குக் கொடுத்த சாய்வு. அதைப் புடைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். வெளிச்சம் எஃகைத் தாண்டி உள்ளே பிளாஸ்டிக்கிலேயே தொடங்கி ஓரம் நோக்கி அகன்றால்தான் புடைப்பு. பட்டையை இலேசாக ஆட்டிப் பாருங்கள். புடைத்த இடத்தில் ஆடும், குழிந்த இடத்தில் இரு காலும் ஊன்றி அசையாமல் நிற்கும். முனையிலிருந்து வால் வரை ஒரு சாண் இடைவெளியில் பாருங்கள். ஓர் இடத்தில் குழிவும் இன்னோர் இடத்தில் புடைப்பும் இருப்பது அபூர்வமில்லை. மாஸ்கிங் டேப்பை ஓரத்தில் ஒட்டி, பார்த்ததை அங்கங்கே குறித்துக்கொண்டால் கடைக்காரரிடம் பேசவும் உதவும்.

சில ஸ்னோபோர்டுகளை மட்டமில்லாமலேயே செய்கிறார்கள். பேட்டலியன் என்ற பிராண்டின் பலகைகளில் முனைப்பக்கமும் வால்பக்கமும் ஓரங்கள் வேண்டுமென்றே மேலே தூக்கியிருக்கும். பவுடர் பனிக்கான சில ஸ்கீக்களின் முனையும் அப்படித்தான். அவற்றை மட்டமாக்குகிறேன் என்று மெஷினில் கொடுப்பது பலகையைக் கொல்வது. உங்கள் பலகை எந்த வடிவம் என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

எவ்வளவு தப்பு இருந்தால் சரிசெய்ய வேண்டும்? இங்கே என் தீர்ப்பு கொஞ்சம் தாராளமானது. எட்ஜிலிருந்து உள்நோக்கி ஒரு விரற்கடை மட்டமாக இருந்து, நடுவில் மெல்லிய கீற்று மட்டும் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பனியைத் தொட்டுத் திருப்புவது அந்த ஓரப் பகுதிதான். கைடும் அங்கேதான் ஊன்றும். முனையிலும் வாலிலும் சிறு குழிவு இருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளலாம். காலடியிலும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதியில் குழிவு எட்ஜ் வரை வந்தாலோ தாள் நுழைந்தாலோ உடனே கவனியுங்கள். புடைப்பு எங்கே இருந்தாலும் எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு கல் ஓட்டமும் பேஸைக் கொஞ்சம் தின்கிறது, இருப்பதே ஒன்றேகால் மி.மீ. முழு மட்டம் வேண்டும் என்ற வெறியில் வருடா வருடம் தேய்த்தால் பலகையின் ஆயுள்தான் குறையும்.

வீட்டில் எவ்வளவு செய்யலாம்? லேசான புடைப்பை, கூர்மையாக்கிய எஃகுச் சுரண்டியால் பொறுமையாக இழைத்து இறக்கலாம். ஒவ்வொரு சில இழைப்புக்கும் ஒருமுறை பட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். லேசான குழிவை, எட்ஜை அரத்தால் தட்டையாக இறக்கிச் சரிசெய்யலாம். அப்படிச் செய்தால் பழைய சாய்வு போய்விடும், புதிதாக எடுக்க வேண்டும். எஃகும் கொஞ்சம் குறையும். இதற்கு மேற்பட்டதைக் கல் மெஷினுக்கு விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். ஸ்னோபோர்டின் அகலத்துக்குக் கைவேலை எனக்குத் திருப்தி தந்ததே இல்லை. அந்தத் தம்பியின் பலகையையும் வேறொரு கடையில் கல்லில்தான் கொடுத்தோம். திரும்பி வந்தபோது நடுவில் மயிரிழை வெளிச்சம் இருந்தது, ஓரங்கள் மட்டம். ஒரு டிகிரி சாய்வு எடுத்து மெழுகு போட்டுக் கொடுத்தேன். அவர் நிற்கும் விதத்தில் ஒரு குறையும் இல்லை. கல் ஓட்டிய பேஸ் வறண்டு போயிருக்கும் என்பதால் முதல் சில தடவை தாராளமாக மெழுகு காட்டச் சொல்லியிருக்கிறேன்.

கடைக்குக் கொடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொடுக்கும்போது ‘ட்ரூ பார் வைத்துக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். வாங்கும்போதும் கேளுங்கள். நல்ல வேலைக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார், கீற்று எங்கே இருந்தது, எவ்வளவு விட்டார், ஏன் விட்டார் என்று விளக்கவும் செய்வார். காட்டத் தயங்குகிற கடையில் எட்ஜ் வேலையைக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பழைய ஸ்கீ வாங்கப் போகும் பெற்றோர் ஒரு பட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். மேல் பக்கத்துக் கீறலைப் பற்றிக் கவலை வேண்டாம். அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டுங்கள். பார்த்ததில் குழப்பம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். படம் அனுப்பும்போது டார்ச் பட்டைக்குப் பின்னால் இருக்கட்டும், பலகையின் எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.